ஒன்பது லட்சத்துக்கு ஒரு கிட்டார்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

ஒன்பது லட்சம் ரூபாய் கொடுத்து ஒரு கிட்டார் வாங்கலாமா?

இப்படி என்னிடம் கேட்டவன் என் பழைய மாணவன். கொட்டாஞ்சேனைப் பொடியன். சாதாரண தரத்துக்கு நான் விஞ்ஞானம் படிப்பித்த பிள்ளை, இப்போது வயது இருபத்து நாலு. ஞாயிறு காலைப் பூசையில் பாடகர் குழுவுக்கு வாசிக்கிறான். சனிக்கிழமைகளில் வெள்ளவத்தைக்கு வந்து மூன்று வீடுகளில் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக் கொடுக்கிறான். கல்யாண சீசனில் ஒரு பேண்டோடு மண்டபம் மண்டபமாகப் போகிறான். அவர்களுடைய வீட்டுச் செலவில் பாதிக்கு மேல் அவன் விரலில்தான் ஓடுகிறது.

கிட்டாரைப் பற்றி ஒன்றும் தெரியாத என்னிடம் ஏன் கேட்டான்? நானும் அதைத்தான் கேட்டேன். "தெரிஞ்சவங்க எல்லாரும் வாங்கு வாங்குண்டுதான் சொல்றாங்க சேர். நீங்கதான் கணக்குப் பார்த்துச் சொல்லுவீங்க" என்றான்.

(ஒரு முஸ்லிம் வாத்தியார் ஏன் கிட்டார் பற்றி எழுத வேண்டும் என்று கீழே ஒரு கொமன்ட் வரும் என்று எனக்குத் தெரியும். இசை கூடுமா கூடாதா என்ற விவாதத்துக்கு இது இடமில்லை. வெசாக் காலத்தில் மொஹிதீன் பெய்க்கின் குரல் கேட்காத தெரு இந்த ஊரில் உண்டா என்று மட்டும் யோசித்துவிட்டு மேலே வாசியுங்கள்.)

சம்பவம் இதுதான். டொரொண்டோவில் இருக்கும் அவனுடைய பெரியப்பா மகன் ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது தன்னுடைய மார்ட்டின் டி-28 கிட்டாரையும் கொண்டுவந்திருக்கிறார். ஒரு இரவு இவன் கையில் கொடுத்திருக்கிறார். "அதுக்குப் பிறகு என்ட கிட்டாரைத் தொடவே மனசில்லை சேர்." இவனுடையது யமஹா எஃப்310. கிட்டார் பழகுகிற பிள்ளைகளில் பாதிப் பேரின் கையில் இருக்கும் சாதாரண கிட்டார். பத்து வருஷமாக வைத்திருக்கிறான்.

தெரியாதவர்களுக்காக: மார்ட்டின் என்பது 1833இல் அமெரிக்காவில் தொடங்கிய கம்பனி. தொழிற்சாலை பென்சில்வேனியா மாநிலத்தில் நாசரேத் என்ற ஊரில் இருக்கிறது. இதைக் கேட்டதும் அவனுடைய அம்மா, "நாசரேத்திலயா செய்றாங்க?" என்று சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அது வேற நாசரேத் அக்கா என்று நான் விளக்கிச் சொல்லியும் அந்தக் கிட்டார் மீது வந்த மரியாதை குறையவில்லை. இன்று எந்தக் கடையில் பார்த்தாலும் தொங்குகிற பெரிய உடம்புக் கிட்டார், ட்ரெட்நாட் என்பார்கள், அந்த வடிவத்தை 1916இல் முதலில் செய்தது அந்தக் கம்பனிதான். ஒரு பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயர் அது. பதினைந்தாயிரம் ரூபாய்க் கிட்டாருக்கும் ஒன்பது லட்சத்துக் கிட்டாருக்கும் தூரத்தில் நின்று பார்த்தால் ஒரே உருவம்.

விலைக்கு வருவோம். டி-28 அமெரிக்காவிலேயே 3,000 டொலருக்கு மேல். ஒரு டொலர் 300 ரூபாய் என்று வைத்தாலும் ஒன்பது லட்சம். அனுப்பும் கூலி, சுங்க வரி எல்லாம் அதற்கு மேலே. அடுத்த முறை வரும்போது கையோடு கொண்டுவந்து தருவதாக அண்ணன் சொல்லியிருப்பதால் அதை விட்டுவிடலாம்.

பக்கத்தில் இன்னொரு கணக்கையும் எழுதிக் காட்டினேன். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபாயளவில் நின்றது. மே மாதம் வரும்போது 360. அப்படியென்றால் ஆறு லட்சத்துக் கிட்டார் இரண்டு மாதத்தில் பத்து லட்சத்துக்கு மேலே போய்விட்டது. கிட்டாரில் ஒரு திருகாணி மாறவில்லை. நாங்கள்தான் மாறினோம்.

அவனிடம் கையில் மூன்றரை லட்சம் இருந்தது. மண்டபம் மண்டபமாக வாசித்துச் சேர்த்த காசு. மிச்சத்துக்கு என்ன செய்யப் போகிறாய் என்றேன். பதில் சொல்லாமல் அம்மாவைப் பார்த்தான். அம்மா கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

அந்த நகை 2022இல் ஒரு தடவை அடகுக்குப் போய் வந்த நகை. அப்பாவின் மருந்துக்காகப் போனது. மீட்டு எடுக்க இரண்டு வருஷம் பிடித்தது. அப்பா இப்போது இல்லை. "திரும்பவும் வைச்சா என்ன சேர், திரும்பவும் எடுத்துக்கலாம்தானே" என்கிறார் அந்த அக்கா. வட்டி விஷயத்தில் என் நிலைப்பாடு உங்களுக்குத் தெரியும். அதை ஒரு பக்கம் வைத்துவிட்டு வெறும் கணக்காகப் பார்த்தாலும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஆனாலும் உடனே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு கிழமை தா, தேடிப் பார்க்கிறேன் என்றேன்.

தேடிப் பார்த்ததைச் சொல்கிறேன்.

கிட்டாரில் சத்தத்தின் பெரும்பகுதி முன் பலகையிலிருந்து வருகிறது. ஏறத்தாழ மூன்று மில்லிமீற்றர் தடிப்புத்தான். ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுவையை அதன் மேல் போடுகின்றன. அந்த இழுவையைத் தாங்க வேண்டும், அதே நேரம் லேசாக அதிரவும் வேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துச் செய்வதுதான் கிட்டார் செய்பவரின் வேலை. மலிவான கிட்டாரில் முன் பலகை ஒட்டுப்பலகை. மெல்லிய தகடுகளை ஒட்டிச் செய்தது, உறுதியானது, ஆனால் அதிர்வு குறைவு. விலை கூடினால் ஒரே மரத்தில் அறுத்த ஸ்ப்ரூஸ் பலகை வருகிறது. இந்த ஒரு மாற்றம் காதுக்குத் தெரியும். இதற்கு ஒன்பது லட்சம் தேவையில்லை. யமஹாவிலேயே எஃப்310க்கு அடுத்த படியில், எஃப்ஜி800இல், இது கிடைக்கிறது.

அதற்கு மேலே கொடுக்கும் காசு வேறு விஷயங்களுக்குப் போகிறது. கை வேலை, பெயர், அப்புறம் முதுகுக்கும் பக்கங்களுக்கும் போடுகிற மரம். டி-28க்கு ரோஸ்வுட். 1969 வரை பிரேசில் மரம் போட்டார்கள், அதற்குப் பிறகு இந்திய மரம். தமிழ்நாட்டுப் பக்கம் ஈட்டி மரம் என்பார்களே, அதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்ந்து, அமெரிக்க நாசரேத்துக்குப் போய், அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு வர ஒன்பது லட்சம்.

இந்த மரத்துக்கும் எங்கள் ஊருக்கும் இன்னொரு தொடர்பும் இருக்கிறது. அழிந்துவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற உடன்படிக்கையின் கீழ், 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதையும் கொண்டுவந்தார்கள். அதனால் ரோஸ்வுட் கிட்டாரை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு விற்றனுப்ப அனுமதிப் பத்திரம் தேவைப்பட்டது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுப்பதா இல்லையா என்பது அடுத்த மாநாட்டின் பேச்சு. அந்த மாநாடு 2019 மே 23ஆம் திகதி கொழும்பில் தொடங்க இருந்தது.

ஏப்ரல் 21 வந்தது. மாநாடு தள்ளிப்போய், ஆகஸ்டில் ஜெனீவாவில் நடந்தது. கிட்டார்களுக்கு விலக்கும் அங்கேதான் கிடைத்தது.

அந்த ஞாயிறு காலை கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் செய்தி கேட்டதும் நான் முதலில் போன் எடுத்தது இவனுக்கு. பதில் இல்லை. பின்னேரம்தான் பேசினான். அன்று அவன் வேறு கோயிலில் வாசித்துக்கொண்டிருந்தான். அதற்குப் பிறகு வந்த கிழமைகளில், எங்கள் ஆட்கள் கதவைச் சாத்திக்கொண்டு இருந்த நாட்களில், இரவானால் அவன் எனக்குப் போன் எடுப்பான். "சாப்பிட்டீங்களா சேர்?" அவ்வளவுதான், வேறொன்றும் கேட்க மாட்டான். அப்போது அவனுக்குப் பதினெட்டு வயது. அப்படிப்பட்ட பிள்ளை ஒன்றைக் கேட்டால் வாயில் வந்ததைச் சொல்லி அனுப்ப முடியுமா?

சரி, ரோஸ்வுட் உண்மையிலேயே அவ்வளவு பெறுமதியா? இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சோதித்திருக்கிறார்கள், முடிவு 2018இல் வெளிவந்தது. ஒரே கைவினைஞரைக் கொண்டு ஆறு கிட்டார் செய்வித்தார்கள். எல்லாம் ஒரே அச்சு, முதுகும் பக்கமும் மட்டும் வேறு வேறு மரம். ஒன்று பிரேசில் ரோஸ்வுட், ஒன்று இந்திய ரோஸ்வுட், மற்றவை மஹோகனி, மேப்பிள் மாதிரி மரங்கள். 52 கிட்டார் கலைஞர்களுக்கு வெல்டிங் செய்பவர்கள் போடும் கறுப்புக் கண்ணாடியைப் போட்டு, இருட்டறையில் உட்கார வைத்து வாசிக்கச் சொன்னார்கள். அவர்கள் போட்ட மதிப்பெண்ணில் விலை கூடிய மரத்துக்கும் குறைந்த மரத்துக்கும் சொல்லக்கூடிய வித்தியாசம் இருக்கவில்லை.

இதை வாசித்ததும் எனக்குள் இருந்த விஞ்ஞான வாத்தியார் எழும்பிவிட்டார். அண்ணன் கனடாவுக்குத் திரும்ப இன்னும் நாலு நாள் இருந்தது. நாமும் செய்து பார்ப்போமே என்றேன்.

கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய முன் அறையில் குறுக்கே ஒரு படுக்கை விரிப்பைக் கட்டினோம். மூன்று கிட்டார்: அவனுடைய எஃப்310, பேண்டில் ஒருவர் இரவல் கொடுத்த ஸ்ப்ரூஸ் பலகைக் கிட்டார், அண்ணனின் மார்ட்டின். மூன்றுக்கும் ஒரே வகைப் புதுக் கம்பி. இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. பழைய கம்பியோடு ஒன்றையும் புதுக் கம்பியோடு ஒன்றையும் ஒப்பிட்டால் அது சோதனையே இல்லை. விரிப்புக்கு அந்தப் பக்கம் அவன். இந்தப் பக்கம் அம்மா, தங்கச்சி, பக்கத்து வீட்டு ஆச்சி, பேண்டில் பேஸ் வாசிப்பவர், நான். ஒரே பாட்டை, நான் குலுக்கிப் போட்ட வரிசையில், மாற்றி மாற்றி வாசித்தான். எந்த முறை மார்ட்டின் என்று நாங்கள் ஒவ்வொருவரும் பேப்பரில் எழுத வேண்டும்.

எஃப்310ஐ அநேகமாக எல்லோரும் பிடித்துவிட்டோம். மற்ற இரண்டுக்கும் இடையில்தான் குழம்பிப் போனோம். நான் எழுதியதில் பாதி பிழை. பேஸ் வாசிப்பவர் என்னைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. தங்கச்சி அந்த இரவல் கிட்டாரைத்தான் மார்ட்டின் என்று ஒவ்வொரு முறையும் உறுதியாக எழுதியிருந்தாள். ஆச்சி, "எல்லாம் வடிவாத்தான் இருக்கு, பிள்ளைக்குத் தேத்தண்ணி குடுங்க" என்றார். அம்மா பேப்பரில் ஒன்றுமே எழுதவில்லை.

பிறகு மறுபக்கத்தைச் செய்தோம். அவன் கண்ணைத் துவாயால் கட்டி, ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்தோம். மார்ட்டினை இரண்டு கோர்ட் வாசிப்பதற்குள் சொன்னான். திரும்பவும் கொடுத்தோம், திரும்பவும் சொன்னான். ஒரு தடவைகூடப் பிழைக்கவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "மெதுவா தொட்டாலே பதில் சொல்லுது சேர். மத்ததுல நான் தள்ள வேணும், இதுல நான் யோசிச்சா போதும்."

வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் இதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். லங்காஸ்டரில் ஒரே அச்சில் செய்த கிட்டார்கள், மரம் மட்டும்தான் வேறு, அதனால் வாசித்தவர்களுக்கும் தெரியவில்லை. இங்கே கழுத்தின் வளைவு, கம்பியின் உயரம், பலகையின் மெல்லிசு எல்லாமே வேறு. அது விரலுக்குத் தெரிகிறது. ஆனால் விரிப்புக்கு இந்தப் பக்கம் வருவதற்குள் அதில் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. ஆக அந்த ஒன்பது லட்சத்தில் பெரிய பங்கு வாசிப்பவனுக்கு. கேட்பவர்களுக்கு வந்து சேர்வது கொஞ்சம்தான்.

இப்படிப் பார்த்தால் கேள்வியே மாறிவிடுகிறது. கேட்பவர்கள் கொடுக்கும் காசில்தானே அவன் அந்தக் கடனை அடைக்க வேண்டும்?

கல்யாண மண்டபத்தில் என்ன நடக்கிறது? கிட்டாருக்குள் ஒரு பிக்கப், அதிலிருந்து வயர் மிக்சருக்கு, அங்கிருந்து ஆள் உயர ஸ்பீக்கருக்கு. பக்கத்தில் ட்ரம்ஸ், முன்னால் பைலா போட்டு ஆடுகிற கூட்டம். அந்த இடத்தில் ஈட்டி மரத்தின் குரலைக் கேட்கப் போவது யார்? பேண்டுக்காரர் இவனுக்கு இரவுக் கூலியை ஆயிரம் ரூபாய் கூட்டித் தரப்போவதும் இல்லை, கேட்டுப் பார்த்தான். நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடிய பொப் பாட்டுகளில் ஊறி வளர்ந்தவர்கள் நாங்கள். அதில் வாசித்த கிட்டார் என்ன மொடல் என்று நம்மில் ஒருவராவது கேட்டிருக்கிறோமா?

இதற்காக, இது வீண் ஆசை, பொடியன் ஆடம்பரம் பார்க்கிறான் என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் த்ரீவீலர் வாங்க இதைவிடக் கூடுதலாகக் கடன்பட்டால் "உழைக்கிற பிள்ளை" என்கிறோம். ஒரே ஒரு இரவுக்கு மண்டபமும் சாப்பாடும் இதே காசைத் தின்னுகிறது, யாரும் வாய் திறப்பதில்லை. தச்சனுக்கு வாள் மாதிரி இவனுக்கு இது ஆயுதம். அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969இல் 750 டொலருக்கு ஒரு மார்ட்டின் வாங்கினார். அப்போது அது சின்னக் காசில்லை. பலகையில் ஓட்டை விழும்வரை அதையே வாசித்தார், அந்த ஓட்டையோடு இன்றைக்கும் அதே கிட்டார்தான். அந்தக் காசு வீண் என்று யார் சொல்வார்? மறுபக்கம், கர்ட் கோபேன் 1993இல் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வாசித்த மார்ட்டின் 2020இல் 60 லட்சம் டொலருக்கு ஏலம் போனது. அது சத்தத்துக்குக் கொடுத்த விலை இல்லை.

ஒலிப்பதிவு அறையில், நல்ல மைக்கின் முன்னால் உட்கார்ந்து வாசித்துப் பிழைக்கிறவன் கேட்டிருந்தால் நானே வாங்கு என்று சொல்லியிருப்பேன். அங்கே அந்தக் கொஞ்ச வித்தியாசத்துக்கும் காசு உண்டு. இவனும் ஒரு நாள் அங்கே போவான் என்றுதான் நினைக்கிறேன். இன்றைக்கு அவன் அங்கே இல்லை.

இன்னொன்று, நமது காற்று. நல்ல மரக் கிட்டார்களுக்கு 45இலிருந்து 55 வீதம் ஈரப்பதன்தான் ஏற்றது என்கிறார்கள். கொழும்பில் பெரும்பாலான நாட்கள் 70, 80. ஒட்டுப்பலகை இதைப் பெரிதாகக் கணக்கெடுக்காது. ஒரே மரப் பலகை ஈரத்தைக் குடித்து வயிறு ஊதும், கம்பி உயரும், சுருதி பிசகும். மெரின் டிரைவ் பக்கம் வீடு உள்ளவர்களுக்கு உப்புக் காற்று ஜன்னல் கம்பியை என்ன செய்கிறது என்று தெரியும். கிட்டார் கம்பியையும் அதையேதான் செய்யும். ஏ.சி. இல்லாத வீட்டில் ஒன்பது லட்சத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மழைக்கும் பயப்பட வேண்டும்.

இதையெல்லாம் ஒரு சனிக்கிழமை, அவன் வகுப்பு முடிந்து என் வீட்டுக்கு வந்தபோது சொன்னேன். மண்ணைப் பார்த்துக்கொண்டு கேட்டான். கடைசியில், "எனக்குத்தான் சேர் வேணும். கேக்கிறவங்களுக்கு இல்லை" என்றான்.

"அதுல ஒரு தப்பும் இல்ல மகன். உனக்கு வேணும்ண்டா உன்ட காசுல வாங்கு. அம்மாட கழுத்துல இருக்கிறது உன்ட விரலுக்கு இல்ல" என்றேன். கொஞ்சம் கடுமையாகத்தான் சொன்னேன். என் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். அவன் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான். மூன்று நாள் போன் இல்லை.

நாலாம் நாள் வட்ஸ்அப்பில் ஒரு வொய்ஸ் மெசேஜ். பேச்சில்லை, வெறும் கிட்டார். கேட்டுவிட்டு, யாருடைய கிட்டார் என்று எழுதிக் கேட்டேன். "என்ட பழைய யமஹாதான் சேர். செய்யக் குடுத்தேன்."

கொட்டாஞ்சேனையில் வாத்தியம் திருத்துகிற ஒரு வயதானவரிடம் கொண்டுபோயிருக்கிறான். அவர் கழுத்துக்குள் இருக்கும் இரும்புத் தண்டைத் திருகி நேராக்கி, கம்பி உட்காரும் எலும்பை அராவி உயரத்தைக் குறைத்து, மேடு பள்ளமான ஃப்ரெட்டுகளைத் தேய்த்துச் சமப்படுத்திக் கொடுத்திருக்கிறார். கூலி 4,500 ரூபாய். பத்து வருஷமாக அந்தக் கிட்டாருக்கு யாரும் இதைச் செய்யவில்லை. மார்ட்டின் ஆகிவிட்டதா? இல்லை. "ஆனா இப்ப முன்ன மாதிரித் தள்ளத் தேவையில்ல சேர்" என்றான்.

போன கிழமை இன்னொன்றும் நடந்தது. வெள்ளவத்தையில் ஒரு குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் போகிறது, சாமான்களை விற்கிறார்கள். அதில் ஒரு கிட்டார். ஸ்ப்ரூஸ் பலகை, மஹோகனி முதுகு, ஐந்து வருஷம் பழையது, நன்றாக வைத்திருக்கிறார்கள். இவன் போய் இரண்டு மணித்தியாலம் வாசித்துப் பார்த்துவிட்டு ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்குப் பேசி முடித்தான். சொந்தக் காசு. மிச்சத்தில் ஒரு நல்ல மைக் வாங்கி வீட்டிலேயே பதிவுசெய்து பழகப் போகிறானாம். மார்ட்டின் ஆசை போய்விட்டதா என்று கேட்டேன். சிரித்தான், பதில் சொல்லவில்லை. யமஹா இப்போது தங்கச்சியிடம்.

இந்தப் பதிவை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். அந்தக் கிட்டாருக்குப் பெட்டி இல்லை, துணிப் பைதான் இருக்கிறது. மழைக்காலம் வருகிறது. காற்றுப் புகாத கெட்டியான பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால்தான் அந்தப் பலகை பிழைக்கும். உங்களில் யாருடைய வீட்டிலாவது அலுமாரிக்கு மேலே தூசி பிடித்த கிட்டார் பெட்டி ஒன்று சும்மா கிடந்தால் எனக்கு இன்பொக்ஸ் பண்ணுங்கள், நியாயமான விலைக்கு நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். ட்ரெட்நாட் அளவு. பூட்டு உடைந்திருந்தாலும் பரவாயில்லை.